தெற்கே சாய்ந்த மூன்று கிளைகள்

2023 ஜூன் 11, ஞாயிற்றுக்கிழமை. கொடைக்கானல் மலையில் பண்ணைக்காட்டுக்கு இரண்டு கிலோமீட்டர் கீழே, ஜோசப்பினின் ஆரஞ்சுத் தோட்டத்தில், மேல் வரிசையின் ஏழாவது மரத்தில் ஒரு புல்லுருவி இருந்தது.

அது ஒரு சாண் நீளம். தடித்த, சாம்பல் படிந்த இலைகள் எட்டு. முதல் பூசை முடிந்து வந்த ஜோசப்பின், சேலைகூட மாற்றாமல் தோட்டத்துக்குள் போயிருந்தாள். கவாத்து செய்த கிளைகள் தளிர்விட்டிருக்கின்றனவா என்று பார்க்கத்தான் போனாள். தளிர்களுக்கு நடுவே அந்த இலை வேறாகத் தெரிந்தது. பிடித்து இழுத்தாள். தண்டு முறிந்து கையோடு வந்தது. அடிப்பகுதி மரத்தின் பட்டைக்குள் முடிச்சுப்போல இறங்கிக் கிடந்தது, அசையவில்லை.

அவள் தெற்கே திரும்பிப் பார்த்தாள். எல்லையில் பலாமரம் நின்றது. அதன் உச்சிக் கிளைகளில் புல்லுருவிகள் கொத்துக்கொத்தாக இருந்தன. அவற்றை அங்கே வளர்ப்பவன் அவளுடைய கொழுந்தன் பென்சன்.

ஜோசப்பினின் கணவன் டேனி 2019இல் சிறுநீரகம் பழுதாகி இறந்தான். அடுத்த வருடமே தோட்டத்தைப் பிரித்தார்கள். டேனி வைத்த நாற்பத்திரண்டு ஆரஞ்சு மரங்களும் வீடும் அவளுக்கு. தெற்கே சரிவு முழுவதும் தம்பி பென்சனுக்கு. அந்தச் சரிவில் பாதி பாறை, மீதியில் வயதான காப்பிச் செடிகள். எல்லையில் நின்ற பலாமரத்தால்தான் சண்டை வந்தது. இரண்டு நாள் பேசி முடியாமல், கடைசியில் பங்குக் கோயிலின் உபதேசியார் ஆரோக்கியதாஸ் ஒரு தாளில் எழுதினார். அடிமரமும் வேரும் வடக்கே போகும் கிளைகளும் மூத்தவர் வகைக்கு. தெற்கே சாய்ந்த மூன்று கிளைகளும் அவற்றில் விளைவதும் இளையவர் வகைக்கு. இரு தரப்பும் கையெழுத்திடாமல் மரத்தை வெட்டக்கூடாது. அந்தப் பக்கத்துத் தோட்டங்களில் பலாமரத்தை இப்படிப் பிரிப்பது வழக்கம்தான். ஒரே மரத்தை நான்கு பேருக்குப் பிரித்த குடும்பங்களும் உண்டு.

பென்சன் கொடைக்கானலில் ஒரு காட்டேஜுக்கு ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தான். முதுகெலும்பு விலகி வேலையை விட்டவன். பாறைச் சரிவில் என்ன போடுவது என்று தெரியாமல் இருந்தபோது, பழனி அடிவாரத்தில் நாட்டு மருந்துக் கடை வைத்திருக்கும் சம்சுல் ஆலம் பலாமரத்துப் புல்லுருவி கேட்டு மலையேறி வந்தார். மாமரத்தில், கொய்யாவில் புல்லுருவி எளிதாகக் கிடைக்கும். பலாவில் அபூர்வம். தென்பக்கக் கிளை ஒன்றில் தானாக முளைத்த ஒன்று இருந்தது. அதை வெட்டும்போது, புல்லுருவி ஒட்டியிருந்த பலாக்கிளையையும் இருபக்கம் ஒரு சாண் விட்டு வெட்டச் சொன்னார் பாய்.

“மரத்துண்டு எதுக்கு பாய்?”

“அது இல்லன்னா போட்டோ இல்லாத ஆதார் மாதிரிங்க. கொய்யாவுல பறிச்சிட்டுப் பலான்னு சொல்லிட்டுப் போயிருவானுங்க. பட்டையும் பாலும் பார்த்தாத்தான் வாங்குறவன் நம்புவான்.”

சிலர் பணப்பெட்டியில் வைப்பார்கள், சிலர் கோர்ட்டுக்குப் போகும்போது இடுப்பில் முடிந்துகொள்வார்கள், சில வைத்தியர்கள் கஷாயத்தில் போடுவார்கள் என்றார். எது வேலை செய்யும் என்று பென்சன் கேட்டான். “நான் கேட்டதில்ல, நீங்களும் கேக்காதீங்க,” என்றார்.

அன்று முதல் பென்சன் விதைக்க ஆரம்பித்தான். கொய்யாப் புல்லுருவியின் பழுத்த பழங்களைப் பறித்து வருவான். பிதுக்கினால் பசைபோல இழுபடும் விதை வரும். அதை விரல் தடிமனுள்ள பலாக்கிளையின் அடிப்பக்கம் ஒட்டுவான். தடித்த கிளையில் வேர் இறங்காது, மிக மெல்லியதில் ஒட்டினால் கிளையே காய்ந்துவிடும். ஒட்டிய இடத்தில் சிவப்பு நூல் கட்டி அடையாளம் வைப்பான். பத்துக்கு இரண்டோ மூன்றோ பிழைக்கும். இரண்டு வருடத்தில் அவனுடைய மூன்று கிளைகளும் சிவப்பு நூலாகத் தொங்கின.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஜோசப்பின் முறிந்த தண்டைக் கையில் பிடித்தபடி கிளுவை வேலிக்குப் போனபோது பென்சன் ஏணியில் நின்றான்.

“பென்சன், கீழ எறங்கு.”

“மேலருந்தே நல்லாக் கேக்குது மதினி. சொல்லுங்க.”

“ஒன் சனியன் என் மரத்துல ஏறிருச்சு.”

“ஏணி இங்கதான இருக்கு? எப்படி ஏறிச்சு?”

அவள் தண்டை வேலிக்கு மேல் எறிந்தாள். அது அவனுடைய காப்பிச் செடியில் விழுந்தது. அவன் இறங்கி வந்து அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தான்.

“இப்படிப் பிச்சு எடுத்தா மறுபடி துளிர்விடும். ஒரு அடி கீழ வச்சுக் கெளையோட வெட்டிருங்க.”

“என் கெளைய நான் எதுக்குல வெட்டணும்? ஒன் கெளைய வெட்டு.”

“என் கெளையில வெள்ளாமை கெடக்கு.”

“வெள்ளாமையா? ஒங்க அப்பா காப்பி வச்சாரு, ஒங்கண்ணன் ஆரஞ்சு வச்சாரு. நீ ஒட்டுண்ணி வைக்கிற. ஆளுக்குத் தகுந்த பயிரு.”

“பாறையில அதான் மதினி வெளையும். மண்ணு உள்ளவங்க ஆரஞ்சு வைங்க.”

அவன் மறுபடியும் ஏணியில் ஏறினான்.

பழத்தைத் தின்று விதையைப் பரப்புவது ஒரு சின்னக் குருவி. கட்டைவிரல் அளவுதான் இருக்கும். பழத்தை விழுங்கிவிட்டு, வெளியேறும் பசை விதை உடம்பில் ஒட்டாமல் இருக்க அடுத்த கிளையில் தேய்த்துவிட்டுப் போகும். தேய்த்த இடத்தில் அடுத்த புல்லுருவி. ஜோசப்பினுக்கு இது தெரியும். எல்லோருக்கும் தெரியும். அக்டோபர் முடிவதற்குள் இன்னும் மூன்று ஆரஞ்சு மரங்களில் முளைத்தன. அவற்றை ஒரு அடி கீழே வைத்து வெட்டினாள். வெட்டிய கிளைகளில் காய் இருந்தது.

அந்த நாற்பத்திரண்டு மரங்களைத் தவிர அவளுக்கு வேறு வருமானம் இல்லை. மகள் ஆக்ஸிலியா திண்டுக்கல்லில் நர்சிங் இரண்டாம் வருடம் படித்தாள். ஹாஸ்டலுக்கும் காலேஜுக்கும் அந்த மரங்கள்தான் கட்டின. புல்லுருவி பத்து மரங்களில் ஏறிவிட்டால் தோட்டம் போய்விடும் என்று அவள் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னாள்.

தோட்டக்கலை அலுவலகத்தில் இருந்தவரும் அதைக் கேட்டார்.

“மரத்துல புல்லுருவி வளக்கக் கூடாதுன்னு எனக்குத் தெரிஞ்சு சட்டம் எதுவும் இல்லம்மா.”

“வேணும்னே வளக்குறான் சார். நூல் கட்டி வளக்குறான்.”

“எந்தக் குருவி எந்த மரத்துல தின்னுட்டு வந்துச்சுன்னு யாரு சாட்சி சொல்றது? சுத்தி அம்பது தோட்டத்துல புல்லுருவி கெடக்கு.” பிறகு அவர் ஒரு துண்டுப் பிரசுரத்தைக் கொடுத்தார். அதில் ஒரு அடி கீழே வைத்து வெட்டவும் என்று அச்சிட்டிருந்தது.

நவம்பரில், இரண்டாம் பூசைக்குப் பிறகு, கோயிலுக்குப் பின்னால் இருந்த அறையில் உபதேசியார் இருவரையும் உட்கார வைத்தார். பீரோவிலிருந்து பாகப்பிரிவினைத் தாளை எடுத்து முழுக்க வாசித்தார். அவர் கையெழுத்துத்தான், ஆனாலும் இரண்டு இடத்தில் தடுமாறினார்.

“பலாக்காயப் பிரிக்கத்தான் இத எழுதுனோம்,” என்றாள் ஜோசப்பின். “இவன் எதையோ கொண்டாந்து ஒட்டி வச்சுக்கிட்டு வெளைச்சல்ங்கிறான்.”

“கெளை அவனுதும்மா. கெளையில இருக்கிறதும் அவனுது. நான் எழுதுனத நானே மாத்திச் சொல்ல முடியாது.”

“சரி. அது எதுக்கு விக்கிதுன்னு கேளுங்க. வசியத்துக்கும் செய்வினைக்கும் விக்கிது. மாதா சப்பரம் தூக்குற தோளுல அந்த மூட்டையையும் தூக்கிட்டுப் பழனிக்குப் பஸ் ஏறுறான். இதுக்குப் பங்குல என்ன சொல்றீங்க?”

ஆரோக்கியதாஸ் பென்சனைப் பார்த்தார்.

“கோர்ட் கேஸ் ஜெயிக்கத்தான் நெறையப் பேரு வாங்குறாங்க, உபதேசியாரே,” என்றான் பென்சன். “எங்கிட்டயே நேரா வந்து வாங்கிட்டுப் போன ஆளு நம்ம பங்குலயும் நாலு பேரு இருக்காங்க. பேரு சொல்லவா?”

உபதேசியார் தாளை மடித்தார். பேர் வேண்டாம் என்று சொல்லவில்லை, கேட்கவும் இல்லை.

கொஞ்ச நேரம் கழித்துப் பென்சன் ஒரு யோசனை சொன்னான். பாய்க்கு வேண்டியது பூப் பருவத்தில் இருக்கும் இளஞ்செடி. பழுக்கும் வரை வைக்க வேண்டியதில்லை. எல்லாவற்றையும் பழுக்கும் முன்னால் வெட்டிவிடுவதாகவும், விதைக்காக ஒரே ஒரு செடியை மட்டும் கொசுவலை கட்டி வைப்பதாகவும் சொன்னான். குருவி ஒரு பழத்தைக்கூடத் தொடாது.

“நல்ல யோசனைதானம்மா,” என்றார் ஆரோக்கியதாஸ்.

ஜோசப்பின் அவரைப் பார்க்கவில்லை. “ஒங்கண்ணன் மூச்சு வாங்கிக் கெடந்தன்னைக்கு, வெள்ளனே ஜீப்ப எடுத்துட்டு வர்றேன் மதினின்னு போன்ல சொன்ன. பத்து மணி வரைக்கும் ரோட்டுலயே ஸ்டூல் போட்டு உக்கார வச்சிருந்தேன். அந்த வார்த்தையும் இந்த வாயிலருந்துதான வந்துச்சு?”

“வண்டி என்னுதா? ஓனர் குடுக்கல.”

“குடுக்கலன்னு ஒரு போன் பண்ணியிருந்தா பஸ்ல ஏத்தியிருப்பேன்ல. ஒன் வலைய நீயே போத்திக்க.”

பென்சன் எழுந்து போய்விட்டான். வராந்தாவில் கழற்றிப் போட்ட செருப்பில் ஒன்றை மாற்றிப் போட்டுக்கொண்டு போனான். அது உபதேசியாருடையது.

ஜனவரி இரண்டாம் வாரம் பென்சன் பழனிக்குப் போன நாளாகப் பார்த்து ஜோசப்பின் திருமலைச்சாமியை வரச் சொன்னாள். அவர் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் காப்பிக்கும் ஆரஞ்சுக்கும் கவாத்து செய்பவர். அறுபது வயது. காலை எட்டு மணிக்கே வந்துவிட்டார். அவள் அவரைப் பலாமரத்தடிக்குக் கூட்டிப் போனாள்.

“வெட்டக் கூடாதுன்னு எழுதியிருக்காமே தாயி?”

“வெட்டல. பட்டைய மட்டும் சுத்தி எடுக்கணும். அடிமரம் என்னுது. மரம் நிக்கும்ல?”

“நிக்கும். செத்து நிக்கும்.”

“நின்னாப் போதும்.”

திருமலைச்சாமி தாடையைச் சொறிந்தார். “காய்க்காத பலாவ அங்கங்க கொத்தி விடுறது உண்டு. அதுக்கே சிலசமயம் மூணு வருசத்துக்குச் சேத்துக் காய்ச்சுத் தள்ளிரும். முழுசாச் சுத்தி எடுத்தா…”

“பேச வரச் சொல்லல. ஒரு சாண் அகலத்துக்கு எடுங்க.”

முழங்கால் உயரத்தில் வெட்டுக்கத்தியால் மேலே ஒரு வட்டமும் கீழே ஒரு வட்டமும் போட்டார். நடுவிலிருந்த பட்டையை நெம்பி எடுத்தார். வெள்ளைப் பால் வடிந்து கத்தி, கை, வேட்டி எல்லாம் பிசுபிசுத்தது. பட்டைத் துண்டுகளை ஜோசப்பின் கூடையில் அள்ளி எருக்குழியில் போட்டு மேலே சாணத்தைக் கொட்டினாள். வளையத்தைச் சுற்றிக் காப்பித் தழையைச் சாய்த்து வைத்தாள். தேங்காயெண்ணெய் ஊற்றி இருவரும் கை தேய்த்துக்கொண்டிருந்தபோது கேட்டாள்.

“எத்தன நாள்ல காயும்?”

“சின்ன மரம்னா வெரசாப் போயிரும். இது பெருசு. வேருல சேத்து வச்சிருக்கிறது தீரணும். எட்டு மாசம் ஆகும், பத்து மாசமும் ஆகும்.”

“பத்து மாசமா?”

“தண்ணி உள்மரத்து வழியா ஏறும் தாயி. கீழ எறங்குறதத்தான் நாம அடைச்சிருக்கோம். இத நீங்க மொதல்லயே கேட்டிருக்கணும்.”

கூலியை வாங்கிக்கொண்டு அவர் போனார்.

மூன்றாம் நாள் பென்சன் வளையத்தைப் பார்த்தான். காப்பித் தழை வாடியிருந்தது. நல்ல செடியை முறித்து யார் அங்கே வைப்பார்கள் என்று விலக்கிப் பார்த்தபோது தெரிந்தது. குந்தி உட்கார்ந்து நகத்தால் மரத்தைச் சுரண்டினான். கூச்சல் போடவில்லை. உபதேசியாரிடம் போகவில்லை. போலீஸ் ஸ்டேஷனுக்கும் போகவில்லை. வீட்டுக்குப் போய் ஏணியை எடுத்து வந்து மரத்தில் ஏறி, ஒரு மணி நேரம் கழித்து இறங்கினான். கையில் சுருட்டிய துணிபோல ஏதோ இருந்தது. சமையலறை ஜன்னல் வழியாக ஜோசப்பின் இதைப் பார்த்தாள். அது என்னவென்று அவளுக்குத் தெரியவில்லை. புல்லுருவி எடுத்துப் போகிறான் என்று நினைத்தாள்.

அதற்குப் பிறகு அவன் ஒரு செடியையும் வெட்டவில்லை. பிப்ரவரியில் வந்த சம்சுல் ஆலம் வெறும் பையோடு திரும்பிப் போனார்.

அந்தக் கோடையில் பலாமரம் காய்த்ததைப் பார்க்க மேல் ரோட்டிலிருந்து ஆட்கள் இறங்கி வந்தார்கள். அடிமரத்தில், கிளைகளில், கிளை பிரியும் இடங்களில் எல்லாம் பிஞ்சுகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நின்றன. வழக்கமாக முப்பது காய்க்கும் மரம் அது. தெற்குக் கிளைகளில் மட்டும் எண்பதுக்கு மேல் இருந்தன.

“மதினி!” பென்சன் வேலியோரம் நின்று கூப்பிட்டான். ரோட்டில் நாலு பேர் நின்றிருந்த நேரம். “கொத்திவிட்டா காய்க்கும்னு எனக்குத் தோணவே இல்ல. நீங்க சோலியக் கெட்டிக்காரத்தனமாப் பாத்திருக்கீங்க. ரொம்ப நன்றி மதினி!”

ரோட்டில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

“ஏலே, சிரி. இன்னும் எட்டு மாசம் சிரி,” என்றாள் ஜோசப்பின்.

“எட்டு மாசம் தாராளம். எனக்கு நாலு மாசம் போதும்.”

அவன் சொன்னதன் பொருள் ஏப்ரலில் தெரிந்தது. மூன்று கிளைகளிலும் இருந்த ஐம்பதுக்கும் மேற்பட்ட புல்லுருவிகள் ஒரே நேரத்தில் பழுத்தன. முந்தைய வருடங்களில் அப்படிப் பழுத்ததில்லை. சிவந்து, பிறகு கறுத்து, கொத்தாகத் தொங்கின. விடியும்போதே குருவிகள் வந்துவிடும். சிக் சிக் என்ற சத்தம் பகல் முழுவதும் கேட்டது. பலாவில் தின்றுவிட்டு வேலியைத் தாண்டி ஆரஞ்சு மரங்களில் உட்காரும். ஜோசப்பின் தகரத் தட்டைத் தட்டினாள். குருவிகள் பத்தடி தள்ளிப்போய் அடுத்த ஆரஞ்சு மரத்தில் உட்கார்ந்தன.

பென்சன் தன் பங்குக்கு எண்ணெய் டப்பாவில் பழம் சேர்த்தான். அய்யம்பாளையத்தில் அவனுடைய மைத்துனன் செந்தில்வேலுக்குப் பலாத் தோப்பு இருந்தது. இளம் மரங்கள் நாற்பது. ஏப்ரலில் மூன்று முறை பஸ் ஏறிப் போய் அங்கே விதை ஒட்டினான்.

மே மாதம் ஸ்டடி லீவில் ஆக்ஸிலியா வந்தாள். தாயும் மகளும் பழைய டூத் பிரஷ்ஷால் ஆரஞ்சுக் கிளைகளில் ஒட்டியிருந்த விதைகளைச் சுரண்டினார்கள். ஒவ்வொரு விதையும் நூல் விட்டு வந்தது. ஒன்பது நாள் சுரண்டினார்கள். சுரண்டி முடித்த மரத்தில் மறுநாள் புதிய விதைகள் இருந்தன.

“அம்மா, சித்தப்பாகிட்ட நான் பேசிப் பாக்கட்டுமா?”

“எதப் பேசுவ? குருவியத் திரும்பக் கூப்பிடச் சொல்லுவியா?”

“மரத்தோட பட்டைய நீங்கதான் எடுத்தீங்கன்னு ஊரே சொல்லுது.”

“ஆமா. அதுக்கு இப்ப என்ன?”

ஆக்ஸிலியா பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனாள். மாலைப் பஸ்ஸில் திண்டுக்கல்லுக்குத் திரும்பிவிட்டாள். லீவு முடிய இன்னும் நான்கு நாள் இருந்தது.

மாதக் கடைசியில் ஒரு காலை ஜோசப்பின் கதவைத் திறந்தபோது வாசற்படியில் ஒரு பலாப்பழம் இருந்தது. தூக்க முடியாத அளவு பெரியது. காம்பில் சிவப்பு நூல் கட்டியிருந்தது. அவள் அதைத் தொடவில்லை. நான்காம் நாள் அது வெடித்தது. ஈ மொய்த்து, புளித்த வாடை வீட்டுக்குள் வந்தது. ஏழாம் நாள் மண்வெட்டியால் வாரி வேலிக்கு அப்பால் கொட்டினாள். மறுநாள் கொட்டைகள் மட்டும் கழுவி, ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி, வேலியில் தொங்கவிடப்பட்டிருந்தன.

செப்டம்பரில் மழை பிடித்ததும் ஆரஞ்சு மரங்களில் புல்லுருவிகள் துளிர்த்தன. முதலில் ஒன்பது மரங்களில். நவம்பரில் இருபத்திரண்டில். ஒரு அடி கீழே வைத்து வெட்டியபோது சில மரங்களில் வெட்ட வேண்டாத கிளையே இல்லை என்று ஆனது. மிச்சமிருந்த கிளைகளில் காய்கள் எலுமிச்சை அளவுக்கு மேல் பருக்கவில்லை. வத்தலக்குண்டிலிருந்து வழக்கமாக வரும் வியாபாரி தோட்டத்துக்குள் வந்து பார்த்துவிட்டு, தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டுப் போனார்.

பலாமரம் அதே நவம்பரில் இலை உதிர்க்க ஆரம்பித்தது. டிசம்பர் கடைசியில் ஒரு இலையும் இல்லை. அதன்மேல் இருந்த புல்லுருவிகளும் கருகின. சிவப்பு நூல்கள் மட்டும் இருந்தன.

2025 ஜனவரியில் சம்சுல் ஆலம் பென்சனைப் பார்த்துவிட்டு ரோட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தபோது ஜோசப்பின் தன் கேட்டில் நின்று அவரை நிறுத்தினாள். அதுவரை அவரிடம் அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை.

“பாய், ஒரு நிமிசம். உள்ள வந்து பாருங்க.”

அவர் வந்து பார்த்தார். ஒவ்வொரு மரமாக நின்று நிமிர்ந்து பார்த்தார். ஆரஞ்சு நிறக் குழல் பூக்கள் சில செடிகளில் வந்திருந்தன.

“நல்லா வளந்திருக்கும்மா,” என்றார்.

“எடுத்துக்கிறீங்களா? மரத்துண்டோட வெட்டித் தர்றேன். எவ்வளவு வேணும்னாலும்.”

சம்சுல் ஆலம் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார். “ஆரஞ்சுல வந்தத யாரும் கேக்க மாட்டாங்கம்மா. மா, புளி, பலா, எட்டி, அத்தின்னு பழைய ஏட்டுல ஒரு கணக்கு இருக்கு. ஆரஞ்சு அதுல இல்ல. ஏடு எழுதுனப்ப இங்க ஆரஞ்சே இருந்திருக்காது.”

“சும்மாவே எடுத்துட்டுப் போங்களேன். பலான்னு சொல்லி வித்துக்குங்க.”

“அப்படி நான் விக்கிறதில்லம்மா.”

அவள் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் கிளம்பும்போது, ஏதாவது ஆறுதலாகச் சொல்ல வேண்டும் என்று நினைத்திருக்கலாம்.

“பென்சன் தம்பி முன்ன மாதிரி வலை கட்டியிருந்தா இவ்வளவு வந்திருக்காதும்மா. எனக்கே ஆச்சரியந்தான். விதைக்கு விட்ட செடிக்குக் கொசுவலை கட்டி, அடிய நூலால இறுக்கி வச்சிருப்பாரு. மத்தத எல்லாம் பூவுலயே வெட்டிருவாரு. ஒரு பழம் வெளிய போகாது. போன வருசந்தான் மரம் சாகப் போகுது, இருக்கிறது எல்லாம் விதைக்கு வேணும்னு அவுத்துட்டாரு.”

“எப்ப வலை கட்டுனான்?”

“அதுக்கு முந்துன நவம்பர்லம்மா. கோயில்ல ஏதோ பேச்சுவார்த்த நடந்துச்சாமே, அதுக்கு அடுத்த வாரம். அந்த வலைய வாங்கிட்டு வந்ததே நான்தான்.”

பஸ் வரும் நேரமாகிவிட்டது என்றாள் ஜோசப்பின். அவர் சலாம் சொல்லிவிட்டு ஏறிப் போனார்.

அன்று பிற்பகல் அவள் வேலியருகே போனாள். பென்சன் காய்ந்த காப்பிக் குச்சிகளைக் கட்டிக்கொண்டிருந்தான். இடுப்புப் பட்டையை இறுக்கிக் கட்டியிருந்தான். குனிய முடியாமல் முட்டி போட்டு வேலை செய்தான்.

“வலை கட்டியிருந்தத ஏன்ல சொல்லல?”

அவன் நிமிரவில்லை. “சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா?”

அவள் வேலியை ஒட்டி வந்து நின்றாள்.

“பட்டைய எடுத்தத நீங்க சொன்னீங்களா?” என்றான். குச்சிக் கட்டைத் தோளில் ஏற்றிக்கொண்டு சரிவில் இறங்கினான்.

பிப்ரவரியில் வத்தலக்குண்டு மரக்கடைக்காரர் ஒருவர் காய்ந்த பலாவைப் பார்க்க வந்தார். வைரம் பாய்ந்த மரம், நல்ல மஞ்சள், இன்னும் ஒரு மழைக்காலம் நின்றால் பூச்சி விழும் என்றார். உபதேசியார் ஆரோக்கியதாஸ் வெட்டுவதற்கான சம்மதத் தாளை எழுதி முதலில் ஜோசப்பினிடம் கொண்டுபோனார். பென்சன் போட்டால் போடுகிறேன் என்றாள். பென்சனிடம் போனார். மதினி போடட்டும் என்றான். உபதேசியார் மூன்று முறை நடந்தார். நான்காம் முறை கால் வலிக்கிறது என்று சொல்லிவிட்டார்.

மார்ச் 8 அன்று திருமலைச்சாமியும் இன்னொருவரும் ஜோசப்பினின் தோட்டத்தில் இருபத்தொன்பது ஆரஞ்சு மரங்களை வெட்டினார்கள். பதிமூன்று நிற்கின்றன. சம்மதத் தாள் உபதேசியாரின் பீரோவில் இருக்கிறது. அதில் கையெழுத்து இல்லை. பலாமரம் வெட்டப்படவில்லை.